ஆறு பதக்கத்துக்கு 71-வது இடம், ஒரு பதக்கத்துக்கு 62-வது இடம்: எந்தக் கணக்கு சரி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம் என்று ஆறு பதக்கம் வாங்கியது. பட்டியலில் 71-வது இடம். பாகிஸ்தான் வாங்கியது ஒரே ஒரு தங்கம். அதற்கு 62-வது இடம். ‘இது நியாயமா? அமெரிக்க டிவியில் மொத்தப் பதக்கத்தை வைத்துத்தானே வரிசை போடுகிறார்கள், நாமும் அப்படிப் போட்டால் என்ன?’ என்று ஒரு தரப்பு. ‘ஆறு பதக்கத்தையும் உருக்கினாலும் ஒரு தங்கம் வராது’ என்று மறு தரப்பு. நடுவில் ஒருவர், ‘அதை விடுங்கள், டிவியில் ஏன் நம் ஆட்களை மட்டுமே காட்டுகிறார்கள், மற்ற நல்ல போட்டியெல்லாம் எங்கே போகிறது?’ என்று கேட்டிருக்கிறார்.

மூன்றாவது ஆள் கேட்டதுதான் சரியான கேள்வி என்பது என் கட்சி. ஆனால் முதல் இருவரின் சண்டையைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

ஒலிம்பிக் சாசனத்தின் 6-வது விதி, இந்தப் போட்டிகள் வீரர்களுக்கு இடையிலானவை, நாடுகளுக்கு இடையிலானவை அல்ல என்று நேரடியாகவே சொல்கிறது. நாடுகளை வரிசைப்படுத்தி உலகத் தரவரிசை போடக்கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நீண்ட காலம் தனக்குத் தானே தடையும் போட்டு வைத்திருந்தது. அப்படியானால் நாம் தினமும் பார்க்கிற பட்டியல் எங்கிருந்து வந்தது? பத்திரிகைகள் போட்டது. வாசகன் காலையில் பேப்பரைப் பிரித்ததும் ‘நம்ம ஊர் எங்கே நிற்குது’ என்று தேடுவான் என்று தெரிந்து போட்டது. பிறகு டிவிக்காரர்கள் அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இப்போது ஒலிம்பிக்கின் சொந்தத் தளத்திலேயே பட்டியல் ஓடுகிறது, தங்கத்தை முதலில் எண்ணி. ஆக, பட்டியல் போட ஒரே ஒரு சரியான முறை என்று எதுவும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தங்கம் முதலில் என்பது உலக வழக்கம், மொத்தம் முதலில் என்பது அமெரிக்க வழக்கம், அவ்வளவுதான்.

அமெரிக்கா தோற்றதால்தான் கணக்கை மாற்றிவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. 2008 பெய்ஜிங்கில் பிறந்த பேச்சு அது. அங்கே போட்டி முடிந்தபோது சீனாவிடம் 51 தங்கம், அமெரிக்காவிடம் 36. மொத்தத்திலோ அமெரிக்கா 110, சீனா 100. (பின்னாளில் ஊக்கமருந்துச் சோதனையில் பளுதூக்கும் வீராங்கனைகள் மூன்று பேரின் தங்கம் பறிபோய், சீனாவின் கணக்கு 48 ஆனது.) அமெரிக்கப் பத்திரிகைகள் தங்கள் நாட்டையே மேலே போட, உலகம் சிரித்தது. ஆனால் மொத்தத்தை வைத்து வரிசை போடுவது அதற்கு முன்பிருந்தே அவர்கள் பழக்கம். அந்த வருஷம் பழக்கமும் வசதியும் ஒரே பக்கம் விழுந்துவிட்டன.

இந்த விளையாட்டை முதலில் ஆடியதும் அவர்கள் இல்லை. 1952 ஹெல்சிங்கியில் சோவியத் யூனியன் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது. அமெரிக்காவுக்கு 40 தங்கம், மொத்தம் 76. சோவியத்துக்கு 22 தங்கம், மொத்தம் 71. தங்கமாக எண்ணினாலும் அமெரிக்கா, மொத்தமாக எண்ணினாலும் அமெரிக்கா. அதனால் சோவியத் பத்திரிகைகள் மூன்றாவதாக ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டன: முதல் ஆறு இடங்களுக்கும் 7, 5, 4, 3, 2, 1 என்று புள்ளி. அந்தக் கணக்கில் இடைவெளி சுருங்கிவிட்டது. நான்கு வருஷம் கழித்து மெல்போர்னில் அவர்கள் 37 தங்கம், மொத்தம் 98 என்று அள்ளிக்கொண்டு போனார்கள். எந்தக் கணக்கில் எண்ணினாலும் அவர்கள்தான் முதலிடம்.

சரி, இந்தியா–பாகிஸ்தான் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தங்கத்துக்கு 3, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 என்று வைத்தால் இந்தியா 7, பாகிஸ்தான் 3. தங்கத்துக்கு 5, வெள்ளிக்கு 3, வெண்கலத்துக்கு 1 என்றால் இந்தியா 8, பாகிஸ்தான் 5. பாகிஸ்தான் மேலே போக வேண்டுமானால், முதல் கணக்கில் ஒரு தங்கம் ஏழு வெண்கலத்துக்கும் மேலே மதிப்புள்ளதாக இருக்க வேண்டும். தங்கம்-முதலில் முறை அதைத்தான் செய்கிறது, இன்னும் கடுமையாக. அந்த முறையில் ஒரு தங்கம் ஆயிரம் வெள்ளியைவிடப் பெரியது. நாம் மட்டும் அடிபடவில்லை. துருக்கி பாரிஸில் எட்டு பதக்கம் வாங்கி 64-வது இடத்தில் நின்றது, தங்கம் இல்லாததால். டோக்கியோவில் ஏழு பதக்கத்தோடு 48-வது இடத்தில் இருந்த இந்தியா, பாரிஸில் ஒரே ஒரு பதக்கம் குறைந்ததும் 23 இடம் கீழே போனதற்கும் காரணம் இதுதான். டோக்கியோவில் நீரஜ் சோப்ராவுக்குத் தங்கம், பாரிஸில் வெள்ளி.

அதற்காக மொத்தம்-முதலில் முறைதான் சரி என்று சொல்ல மாட்டேன். பாரிஸின் கடைசிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 11, பெண்கள் கூடைப்பந்து இறுதி, அமெரிக்காவும் பிரான்ஸும். அதற்கு முன் சீனாவிடம் 40 தங்கம், அமெரிக்காவிடம் 39. அமெரிக்கா 67-64 என்று முன்னிலையில் இருக்க, கடைசி நொடியில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. மூன்று புள்ளி என்று அரங்கமே துள்ளிவிட்டது. ஆனால் அவர் கால் கோட்டின் மேல் இருந்தது, எனவே இரண்டு புள்ளிதான். 67-66. தங்கம் 40-40 என்று சமமாகி, வெள்ளி எண்ணிக்கையில் அமெரிக்கா முதலிடம். ஒரு செருப்பளவு பின்னால் நின்றிருந்தால் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும், அதில் பிரான்ஸ் வென்றிருந்தால் உலகப் பட்டியலில் சீனா முதலிடம். மொத்தம்-முதலில் பட்டியலில் இந்தப் பரபரப்புக்கே இடமில்லை. அமெரிக்கா 126, சீனா 91, என்றோ முடிந்துபோன கதை. பார்க்கிறவனுக்கு எது சுவை? எனக்குத் தங்கம்-முதலில்தான். நியாயம் என்று வாதாடாதீர்கள், சுவை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பட்டியலின் உண்மையான கோளாறு வரிசை முறையில் இல்லை, அது எதை எண்ணுகிறது என்பதில் இருக்கிறது. பாரிஸில் மொத்தம் 329 போட்டிகள். நீச்சல் குளத்தில் மட்டும் 35 தங்கம். தடகளத்தில் 48. ஹாக்கியில் இரண்டு, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பிரான்ஸின் நீச்சல் வீரர் லியோன் மார்ஷான் பாரிஸில் தனியாளாக நான்கு தங்கம் வாங்கினார். அவர் நாட்டின் 16 தங்கத்தில் கால் பங்கு அது. 2008-ல் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வாங்கிய எட்டு தங்கமும், இத்தாலி என்கிற முழு நாடும் அந்த ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கமும் ஒரே எண்ணிக்கை. நம் ஆண்கள் ஹாக்கி அணி பாரிஸில் எட்டு ஆட்டம் ஆடியது. காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கிப் போக, பத்து பேரோடு பிரிட்டனைப் பிடித்து நிறுத்தி ஷூட்அவுட்டில் வென்றது. கடைசியில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம். பட்டியலில் இது ‘1’. நீச்சலில் ஒருவர் இருநூறு மீட்டர் நீந்தி மூன்றாவதாக வந்தாலும் ‘1’.

இதைச் சொன்னதும் ‘மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள்’ என்பார்கள். வகுத்தால் 140 கோடி பேர் உள்ள நாம் அடிமட்டத்தில். ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள கிரெனடா இரண்டு வெண்கலத்தோடு உச்சியில். டொமினிகா அதைவிடச் சின்ன தீவு, தியா லஃபோண்ட் மும்முறைத் தாண்டலில் தங்கம் வாங்கினார், பாகிஸ்தானோடு சேர்ந்து 62-வது இடம். செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃப்ரெட் நூறு மீட்டரை 10.72 விநாடியில் ஓடி அந்த நாட்டுக்கு முதல் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுவந்தார், அப்புறம் இருநூறில் வெள்ளி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கும் பெரிய நாட்டுக்கு ஓரவஞ்சனை செய்கிறது. தடகளத்தில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேருக்கு மேல் போக முடியாது. ஹாக்கிக்கு ஒரே அணி. டேபிள் டென்னிஸில் 2008-ல் சீனர்களே ஒற்றையர் பிரிவின் மூன்று பதக்கத்தையும் வாரிக்கொண்டு போனதும், அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து நாட்டுக்கு இரண்டு பேர் என்று குறைத்துவிட்டார்கள். 140 கோடிக்கு ஏற்ற விகிதத்தில் ஆள் அனுப்பவே விதி விடாது. அதற்காக நம் ஆறு பதக்கம் போதும் என்று சொல்ல வரவில்லை. போதவே போதாது.

என்னைக் கேட்டால் நான்காவது இடங்களைப் பார்க்கச் சொல்வேன். பாரிஸில் இந்தியா ஆறு போட்டிகளில் நான்காவது வந்தது: துப்பாக்கி சுடுதலில் அர்ஜுன் பபுதா, 25 மீட்டரில் மனு பாக்கர், ஸ்கீட் கலப்பு இணை, வில்வித்தையில் தீரஜும் அங்கிதாவும், பேட்மின்டனில் லக்ஷ்யா சென், பளுதூக்குதலில் மீராபாய் சானு. இது போதாதென்று 50 கிலோ மல்யுத்த இறுதிக்கு முன் 100 கிராம் எடை கூடுதல் என்று வினேஷ் போகாட் வெளியேற்றப்பட்டார். இவற்றில் ஏதாவது மூன்று வெண்கலமாகியிருந்தால்கூட இடம் 71 என்பது பெரிதாக மாறியிருக்காது. வினேஷுக்குத் தங்கம் கிடைத்திருந்தால் மட்டும் பாகிஸ்தானைத் தாண்டியிருப்போம். அதாவது ஒரு நாட்டு விளையாட்டின் நிலை எப்படி இருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லவே சொல்லாது. 1984-ல் பி.டி. உஷா 55.42 விநாடி, வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. அந்த நூறில் ஒரு விநாடியும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பிறகு கேரளத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் காலில் ஸ்பைக்ஸ் மாட்டினார்கள்!

‘வெறும் பட்டியல்தானே, பொழுதுபோக்குக்குப் பார்த்துவிட்டுப் போகலாமே’ என்றால், போகலாம்தான். ஆனால் அரசாங்கங்கள் அப்படிப் போவதில்லை. 1976 மான்ட்ரியாலில் ஆஸ்திரேலியா ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பியது, ஒரு வெள்ளி, நான்கு வெண்கலம். நாடே கொதித்தது. 1981-ல் கான்பெராவில் ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கினார்கள். பிரிட்டன் கதை இன்னும் விசேஷம். 1996 அட்லாண்டாவில் அவர்களுக்கு ஒரே தங்கம், துடுப்புப் படகில். பட்டியலில் 36-வது இடம். அதற்குப் பிறகு தேசிய லாட்டரிப் பணத்தை விளையாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பதக்கம் வரும் விளையாட்டுக்குப் பணம், வராததற்குக் கதவடைப்பு. சைக்கிள், துடுப்பு, பாய்மரம் என்று பணம் கொட்டியது. பதக்கம் நிறைய உள்ள, ஆனால் போட்டியிடப் பணம் வேண்டிய, அதனால் ஏழை நாடுகள் எட்டிப் பார்க்காத துறைகள் அவை. 2016 ரியோவில் 27 தங்கத்தோடு சீனாவையே முந்தி இரண்டாவது இடம். மொத்தத்தில் சீனாவுக்கு 70, பிரிட்டனுக்கு 67. அப்போது லண்டனில் யாரும் மொத்தக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. பாரிஸில் தங்கம் 14 ஆகச் சுருங்கி ஏழாவது இடத்துக்குப் போனபோது, மொத்தம் 65 பதக்கம், மொத்தத்தில் உலகில் மூன்றாவது என்ற கணக்கு கைகொடுத்தது. அவர்கள் விளையாட்டு அமைப்பு முன்கூட்டியே வைத்த இலக்கும் ‘50 முதல் 70 பதக்கம்’ என்றுதான் இருந்தது, தங்கம் என்ற பேச்சே இல்லை. சோவியத்துக்குப் புள்ளிக் கணக்கு, அமெரிக்காவுக்கு மொத்தக் கணக்கு, பிரிட்டனுக்கு அந்தந்த வருஷத்துக்கு ஏற்ற கணக்கு.

இந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. ரியோவில் பிரிட்டன் பேட்மின்டன் ஆண்கள் இரட்டையரில் வெண்கலமே வாங்கியது. சில மாதத்தில் பேட்மின்டனுக்கான நிதி முழுவதும் நின்றுபோனது. அவர்கள் ஊர்களில் பிள்ளைகள் தெருக்கோடி மைதானத்தில் ஆடும் கூடைப்பந்துக்கும் முன்பே அதே கதி. பதக்கம் வாங்கும் நாடு என்பதும் விளையாடும் நாடு என்பதும் வேறு வேறு என்று எனக்கு முதலில் உறைத்தது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

இப்போது டிவிக்கு வருகிறேன்.

2024 ஆகஸ்ட் 8, நள்ளிரவுக்குச் சற்று முன் ஈட்டி எறிதல் இறுதி. எங்கள் வீட்டில் அன்று ஏழு பேர் விழித்திருந்தோம். இரண்டாவது முயற்சியில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்தார். 2008-ல் நார்வேயின் தோர்கில்ட்சன் வைத்திருந்த 90.57 மீட்டர் ஒலிம்பிக் சாதனை தூள். நீரஜ் தன் இரண்டாவது முயற்சியில் 89.45. அவருடைய மற்ற ஐந்தும் ஃபவுல். பாகிஸ்தானுக்கு 1992-க்குப் பிறகு முதல் பதக்கம், 1984 ஹாக்கிக்குப் பிறகு முதல் தங்கம், தனிநபர் பிரிவில் நாட்டின் வரலாற்றிலேயே முதல் தங்கம். அவர்கள் பாரிஸுக்கு அனுப்பியது ஏழே ஏழு பேரை, நாம் அனுப்பியது 117. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது என் அண்ணன் மகன் கேட்டான்: ‘வெண்கலம் யாருக்கு சித்தப்பா?’ ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று மணி நேரமாக அந்தப் போட்டியைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்! கிரெனடாவின் ஆண்டர்சன் பீட்டர்ஸ், 88.54. இரண்டு முறை உலக சாம்பியன். நீரஜைவிட ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. எங்கள் கண்ணில் அவர் விழவே இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒலிம்பிக் களத்தில் கேமரா வைத்துப் படம் பிடிப்பது நம் சேனல்களோ அமெரிக்கச் சேனல்களோ இல்லை. ஒலிம்பிக் கமிட்டி 2001-ல் தொடங்கிய ஓ.பி.எஸ். என்ற சொந்த ஒளிபரப்பு அமைப்பு அதைச் செய்கிறது. அந்தப் படம் எந்த நாட்டுக்கும் சாயாது. எல்லாப் போட்டியும், எல்லா ஆளும் அதில் உண்டு. உரிமை வாங்கிய ஒவ்வொரு நாட்டுச் சேனலும் அந்தப் பெருங்கடலிலிருந்து தன் சொம்புக்கு வேண்டியதை மொண்டுகொள்கிறது. கூடவே தன் சொந்த கேமரா இரண்டு, தன் வர்ணனையாளர், தன் ஸ்டுடியோ. நாம் ‘ஒலிம்பிக்’ என்று பார்ப்பது அந்தச் சொம்புத் தண்ணீரை. அமெரிக்கன் பார்க்கும் ஒலிம்பிக்கும் நாம் பார்க்கும் ஒலிம்பிக்கும் ஜப்பான்காரன் பார்ப்பதும் வேறு வேறு நிகழ்ச்சிகள். ஜப்பானில் ஜூடோ, அமெரிக்காவில் நீச்சலும் ஜிம்னாஸ்டிக்ஸும், நமக்குத் துப்பாக்கியும் மல்யுத்தமும் ஹாக்கியும்.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் தேசபக்தியைவிட விளம்பரம் அதிகம். 1960 ரோமுக்கு அமெரிக்க உரிமையை சி.பி.எஸ். சேனல் சுமார் 4 லட்சம் டாலருக்கு வாங்கியது; ஒளிநாடாவை விமானத்தில் நியூயார்க் கொண்டுபோய்ப் போட்டார்கள். இப்போது என்.பி.சி. சேனல் 2021 முதல் 2032 வரைக்குத் தரும் தொகை 765 கோடி டாலர், 2025-ல் இன்னும் 300 கோடி டாலர் சேர்த்து 2036 வரை நீட்டித்துக்கொண்டார்கள். ஒலிம்பிக் கமிட்டியின் வருமானத்தில் சுமார் 60 சதவீதம் ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருகிறது, அதில் பெரும் பங்கு இந்த ஒரு கம்பெனியின் பணம்.

அவ்வளவு பணம் போட்டவன் சும்மா இருப்பானா? 2008 பெய்ஜிங்கில் நீச்சல் இறுதிப் போட்டிகளைக் காலையில் வைத்தார்கள். உலகம் முழுக்க நீச்சல் இறுதி மாலையில் நடப்பதுதான் வழக்கம். ஆனால் பெய்ஜிங்கின் காலை நியூயார்க்கின் முன்னிரவு. ஃபெல்ப்ஸ் எட்டு தங்கத்தையும் அமெரிக்கர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி நேரலையில் பார்த்தார்கள். டோக்கியோவிலும் அதேதான். இன்னும் பின்னால் போனால், 1988 சியோலில் பென் ஜான்சன் ஓடிய அந்தப் புகழ்பெற்ற நூறு மீட்டர் இறுதி பட்டப்பகல் ஒன்றரை மணிக்கு நடந்தது.

நேரத்தை மாற்ற முடியாதபோது அவர்கள் செய்தது இன்னொரு வித்தை: ஒளித்துவைத்து இரவில் காட்டுவது. 1980-ல் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் ஐஸ் ஹாக்கி அணியை வென்ற ஆட்டம் மாலையில் நடந்தது, ஏ.பி.சி. காட்டியது இரவில். 2000 சிட்னி ஒலிம்பிக்கை என்.பி.சி. கிட்டத்தட்ட முழுக்கப் பதிவு செய்தே காட்டியது. 2012 லண்டனுக்குள் சமூக வலைத்தளங்கள் வந்துவிட்டன. முடிவு எல்லாருக்கும் மதியமே தெரியும், டிவியில் இரவுதான் வரும். தொடக்க விழாவே நேரலையில் இல்லை. விழாவில் வந்த ஓர் அஞ்சலிப் பகுதியை வெட்டிவிட்டு ஃபெல்ப்ஸின் பேட்டியைப் போட்டார்கள். உச்சக்கட்டம் என்னவென்றால், மிஸ்ஸி ஃபிராங்க்ளின் நீச்சலில் தங்கம் வாங்கிய போட்டியைக் காட்டப் போகும் நேரத்தில், அதற்குச் சற்று முன் மறுநாள் நிகழ்ச்சிக்கான விளம்பரம் ஓடியது, அதில் அவர் தங்கத்தோடு நிற்கிறார். அந்த வாரம் முழுக்க அமெரிக்க ரசிகர்கள் அந்தச் சேனலை வறுத்தெடுத்தார்கள். அதே நேரம் பிரிட்டனில் பி.பி.சி. 24 தனித்தனி நேரலைகளைத் திறந்துவிட்டு, வேண்டியதைப் பாருங்கள் என்றது. ஆனால் 2018 முதலான ஐரோப்பிய உரிமையை டிஸ்கவரி நிறுவனம் 130 கோடி யூரோவுக்கு வாங்கிவிட்டதால், டோக்கியோவிலும் பாரிஸிலும் பி.பி.சி. ஒரே நேரத்தில் இரண்டு போட்டிகளைத்தான் நேரலையில் காட்ட முடிந்தது. லண்டனின் விருந்துக்குப் பழகிய பிரிட்டிஷ் ரசிகர்களுக்கு அது பட்டினி மாதிரி. ஒருவிதத்தில், நம் புலம்பல் தனிப் புலம்பல் இல்லை.

நம் ஊரில் சட்டம் ஒன்று துணைக்கு இருக்கிறது. 2007-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளின் நேரலையை உரிமை வாங்கிய தனியார், பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். ஒலிம்பிக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால்தான் கட்டணம் கட்டாத வீட்டிலும் தூர்தர்ஷனில் ஓரளவு பார்க்க முடிகிறது. ஆனால் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு போட்டிதான் காட்ட முடியும். இந்தியர் களத்தில் இருக்கும்போதுதான் விளம்பரதாரர் வருவார். ஆகவே இந்தியர் தகுதிச்சுற்றில் முப்பதாவதாக வருவதை முழுக்கப் பார்ப்போம், பக்கத்து அரங்கில் உலக சாதனை விழுவது தெரியாது. பாரிஸில் ஆண்கள் நூறு மீட்டரில் நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்ப்ஸன் 9.789. ஆயிரத்தில் ஐந்து விநாடி வித்தியாசம். நம் நேரம் நள்ளிரவு ஒன்று இருபது. மறுநாள் ஆபீசில் அதைப் பார்த்தவர் என்று கைதூக்க இரண்டு பேர்கூட இல்லை.

நம் ஆட்களை மட்டுமே காட்டினால் நம் ஆட்களையே புரிந்துகொள்ள முடியாமல் போகும் என்பதுதான் என் குறை. பீட்டர்ஸ், யூலியன் வெபர், யாகூப் வாட்லேக் போன்ற ஈட்டி வீரர்களை வருஷம் பூராவும் பார்த்திருந்தால்தான் நீரஜின் 89.45 எவ்வளவு பெரிய எறிதல் என்று தெரியும். இல்லாவிட்டால் ‘பாகிஸ்தானிடம் தோற்றான்’ என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். நீரஜின் தாயாரோ அன்று, தங்கம் வாங்கிய பையனும் தன் பிள்ளை மாதிரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டுடியோவில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தவர்களைவிட அந்த அம்மாவுக்கு விளையாட்டு நன்றாகப் புரிந்திருந்தது.

நாட்டின் வெற்றியையாவது டிவி ஒழுங்காகக் காட்டுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஒலிம்பிக் முடிந்து மூன்றாவது வாரத்தில் அதே பாரிஸில் பாராலிம்பிக்ஸ். இந்தியா 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம், ஆக 29 பதக்கம், பட்டியலில் 18-வது இடம். சேலம் பக்கத்து மாரியப்பன் தங்கவேலு 2016-ல் உயரம் தாண்டுதலில் தங்கம், அடுத்து வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்ஸில் தொடர்ந்து மேடை ஏறியவர். பேட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம், மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். ஆறு பதக்கத்துக்கு 71-வது இடமா என்று சண்டை போட்ட அத்தனை பேரும் இந்த 29-க்கு 18-ஐப் பற்றி ஏன் பேசவில்லை? பார்க்கவில்லை. துளசிமதியும் மனிஷாவும் அரையிறுதியில் ஒருவரோடொருவர் மோதிய ஆட்டத்தை உங்களில் எத்தனை பேர் நேரலையில் பார்த்தீர்கள்? நானும் பார்க்கவில்லை, அடுத்த நாள் பேப்பரில்தான் படித்தேன்.

ஆக, கேட்டவருக்கு என் பதில் இது. 71-வது என்பதும் 62-வது என்பதும் பிழை இல்லை. அந்த எண்ணும் முறையில் அப்படித்தான் வரும். இந்தியா முன்னேறியதா என்று பார்க்க இறுதிச்சுற்றுக்கு எத்தனை பேர் போனார்கள், எத்தனை துறைகளில் போனார்கள் என்று எண்ணுங்கள். டிவி விஷயத்தில் மட்டும் இப்போது நம் கையில் கொஞ்சம் பிடி இருக்கிறது. பாரிஸின்போது ஜியோசினிமாவில் ஒரே நேரத்தில் பல போட்டிகள் இலவசமாக ஓடின. சேனல் எடுத்துவைத்த சொம்பை விட்டுவிட்டு நாமே மொள்ளலாம். ஒரு நாளில் ஒரு போட்டியாவது இந்தியர் யாரும் இல்லாததாகப் பாருங்கள்.

அடுத்தது 2028 ஜூலை 14 முதல் 30 வரை லாஸ் ஏஞ்சலிஸ். இம்முறை தடகளம் முதல் வாரத்தில், நீச்சல் இரண்டாவது வாரத்தில். 1900-க்குப் பிறகு முதன்முறையாகக் கிரிக்கெட்டும் இருக்கிறது, அதைச் சேர்க்கும் முடிவு 2023-ல் மும்பையில் நடந்த கூட்டத்தில்தான் எடுக்கப்பட்டது. எங்கே எடுத்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? அந்த ஊர் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம். அங்கே மாலை ஏழு மணிக்கு நடக்கும் இறுதிப் போட்டி இங்கே மறுநாள் காலை ஏழரைக்கு வரும், பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற நேரத்தில். ஈட்டி எறிதல் அந்த நேரத்தில் வந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் நேரத்துக்குக் கிளம்பப் போவதில்லை. மூன்றாவது வந்தது யார் என்பதை இந்த முறை நான் எழுதி வைத்துக்கொள்வதாக அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.